அப்பா என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம்: ஆசிய மக்களைப் பற்றிய மானிடவியல்

அப்பாவின் அண்ணனைப் பெரியப்பா என்கிறோம். தம்பியைச் சித்தப்பா என்கிறோம். இருவரும் அப்பாக்கள்தான், ஒருவர் பெரியவர், ஒருவர் சிறியவர். அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அப்பாவுடன் பிறந்தவளோ அத்தை ஆகிவிடுகிறாள். அவள் பிள்ளைகளை உடன்பிறந்தவர்களாக நாம் நினைப்பதில்லை. மச்சான், மைத்துனி, முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்கிறோம். ஆங்கிலத்தில் இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ‘கசின்’ என்ற ஒரே சொல்தான் உண்டு. நமக்கு ஒரு பக்கம் திருமணப் பேச்சையே எடுக்கக் கூடாத உறவு. மறுபக்கம் தொட்டில் பிள்ளையாக இருக்கும்போதே ‘கட்டிக்கொள்கிற முறை’ என்று கேலி பேசுகிற உறவு.

நாம் நின்று யோசிக்காமல் புழங்குகிற இந்த வேறுபாடு, 1859இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஒரு வழக்கறிஞருக்குப் பெரிய வியப்பாக வந்து சேர்ந்தது. அவர் பெயர் லூயிஸ் ஹென்றி மார்கன். தம் ஊருக்கு அருகே வாழ்ந்த செனெகா என்ற பழங்குடி மக்களிடம் அவர் நெருங்கிப் பழகியவர். அவர்கள் அப்பாவின் சகோதரனை ‘அப்பா’ என்றும், அம்மாவின் சகோதரியை ‘அம்மா’ என்றும் அழைப்பதைக் கவனித்தார். அந்த மக்களுக்கு மட்டுமே உரிய விசித்திரம் என்று முதலில் எண்ணினார். வேறு மொழி பேசும் இன்னொரு பழங்குடியிடமும் அதே முறை இருப்பதைக் கண்டதும் ஐயம் வந்தது. உடனே நூற்றுக்கணக்கான உறவுமுறைக் கேள்விகளை அச்சடித்து, உலகெங்கும் இருந்த மிஷனரிகளுக்கும் தூதரக அதிகாரிகளுக்கும் அனுப்பினார். தென்னிந்தியாவிலிருந்து தமிழ், தெலுங்கு உறவுச் சொற்கள் போய்ச் சேர்ந்தன. பெரியப்பாவும் சித்தப்பாவும் பெரியம்மாவும் சித்தியும் அவருக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். செனெகா மக்களின் முறையோடு அவை பெரும்பாலும் பொருந்தின.

அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று மார்கன் முடிவு கட்டினார். அவர்களுடைய முன்னோர் வடகிழக்கு ஆசியா வழியாகப் போனவர்கள் என்பது பின்னாளில் வேறு சான்றுகளால் உறுதியானது. ஆனால் உறவுச் சொற்கள் அதை நிறுவவில்லை. இத்தகைய முறைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல இடங்களில் தாமாகவே தோன்றியிருக்கின்றன. முடிவு தவறினாலும் கேள்வி நிலைத்தது. 1871இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலிலிருந்துதான் உறவுமுறை ஆய்வு ஒரு துறையாக வளர்ந்தது. இன்றும் உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தில் உறவுமுறை பாடம் நடத்தினாலும் ‘திராவிட உறவுமுறை’ என்ற பெயர் வந்தே தீரும்.

அந்த முறையை இன்னும் கொஞ்சம் அருகிலிருந்து பாருங்கள். அம்மாவுடன் பிறந்தவர் மாமா. அத்தையின் கணவர் மாமா. பெண் கொடுத்தவரும் மாமா, அதாவது மாமனார். மூன்று தனித்தனி ஆட்களுக்கு எதற்கு ஒரே சொல்? அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்துகொள்ளும் சமூகத்தில் அந்த மூவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புண்டு. மருமகன் என்ற சொல்லும் அப்படியே: ஓர் ஆணுக்கு அக்காள் தங்கையின் மகனும் மருமகன், மகளின் கணவனும் மருமகன். யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்ற விதியைச் சொற்களே சுமந்துகொண்டிருக்கின்றன. நெருங்கிய உறவில் மணம் முடிப்பது இப்போது குறைந்துவருகிறது; சொற்கள் மட்டும் பழைய ஏற்பாட்டை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சிங்களம் வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் சிங்களவர்களின் உறவுமுறை அத்தை பிள்ளை, மாமன் பிள்ளையைத் தனியாகப் பிரித்துவைக்கும் நம்முடைய முறையைப் போன்றதுதான். மொழிக்குடும்பம் ஒரு கோட்டில் போகிறது, உறவுமுறை இன்னொரு கோட்டில் போகிறது. ‘ஒரு மொழி, ஓர் இனம், ஒரு பண்பாடு’ என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. அந்தக் கட்டு எவ்வளவு தளர்வானது என்பதை மானிடவியல் காட்டும் முதல் இடம் இதுதான்.

துறை எதைப் பற்றியது?

மனிதர்கள் கூட்டமாக எப்படி வாழ்கிறார்கள், தங்கள் வாழ்க்கைக்கு என்ன பொருள் கொடுக்கிறார்கள் என்று படிப்பது மானிடவியல். பாடநூல்கள் இதை நான்கு கிளைகளாகப் பிரிக்கும்: உடலும் பரிணாமமும், தொல்லியல், மொழி, சமூகமும் பண்பாடும். நான் இங்கே எழுதுவது கடைசிக் கிளையைப் பற்றி. சமூகவியலிலிருந்து இதைக் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது, ஆனால் வேலை செய்யும் விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. மானிடவியலாளர் ஓரிடத்துக்குப் போய் மாதக்கணக்கில், முடிந்தால் ஓராண்டுக்கு மேல் தங்குகிறார். அந்த மொழியைக் கற்கிறார். அவர்கள் உண்பதை உண்டு, துக்க வீட்டுக்குப் போய், அறுவடையைப் பார்த்து, பிறகு எழுதுகிறார். தங்குவதைக் களப்பணி என்றும், எழுதுவதை இனவரைவியல் என்றும் சொல்கிறோம்.

பண்பாடு என்ற சொல்லுக்கு 1871இல் எட்வர்டு டைலர் ஒரு விளக்கம் கொடுத்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என, சமூகத்தின் உறுப்பினராக ஒரு மனிதன் பெற்றுக்கொள்கிற எல்லாம் சேர்ந்த முழுமை அது என்றார். இதில் ‘பெற்றுக்கொள்கிற’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பண்பாடு இரத்தத்தில் வருவதில்லை, பழகி வருவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் துறையின் பாதி கைக்கு வந்துவிடும்.

‘ஆசியா’தான் சிக்கலான சொல். சைபீரியாவில் கலைமான் மேய்ப்பவர்களையும், அரேபியப் பாலைவனத்து ஒட்டகக்காரர்களையும், டோக்கியோவின் அலுவலக ஊழியர்களையும், அந்தமான் காடுகளில் வேட்டையாடி வாழ்பவர்களையும் ஒரே பெயருக்குள் அடைக்கிறோம். பெயரும் கிரேக்கர்கள் வைத்தது. ‘ஆசியப் பண்பாடு’ என்று ஒன்று கிடையாது. ஆனால் ஆசியாவின் பெரும்பகுதியில் மானிடவியலாளர் ஒரு பொதுவான சவாலைச் சந்திக்கிறார். அவர் போய்ச் சேரும் கிராமத்துக்கு அருகே பல நூற்றாண்டு வயதுள்ள எழுத்தும், அரசும், பெருமதங்களும் இருக்கின்றன. ஏட்டில் ஒன்று சொல்லப்பட்டிருக்கும், தெருவில் வேறொன்று நடக்கும். ஏடும் தெருவும் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பதுதான் ஆசிய மானிடவியலின் நடுநாயகமான கேள்வி என்பது என் கருத்து.

அளவுகருவியோடு வந்தவர்கள்

இந்தத் துறையின் பிறப்பில் ஒரு களங்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அறிமுகம் எழுதுவது நேர்மையாகாது. பிரிட்டிஷ் அரசுக்குத் தான் ஆள்கிற மக்களைப் பட்டியலிட்டு வகைப்படுத்த வேண்டியிருந்தது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அதன் நீளத்தோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைக் கணக்கிட்டார். மூக்கு அகலமாக ஆக ஆகச் சாதி கீழே இறங்குகிறது என்று எழுதினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். அவர் ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவற்றில் பயனுள்ள வழக்காற்றுச் செய்திகள் நிறைய உண்டு. ஆனால் எதற்காக, யார் கையால், யாரிடம் கேட்டுத் தொகுக்கப்பட்டன என்பதை மறந்து படித்தால் வழி தவறிப்போவோம்.

மூக்குக் கணக்கு பிழையானது. ஒரே சாதிக்குள் இருக்கும் வேறுபாடுகள் மிகுதி. சாதிக்கும் சாதிக்கும் இடையில் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மனித உயிரியலில் அப்படி ஓர் ஏணி இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கெடுப்பு சாதிகளை மேல் கீழாக அடுக்க முயன்றபோது, ‘எங்களை மேலே எழுதுங்கள்’ என்று நாடெங்குமிருந்து மனுக்கள் குவிந்தன. அளக்க வந்தவர்கள், அளக்கப்பட்ட பொருளையே மாற்றிவிட்டார்கள். சாதியை அரசு உண்டாக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் மாறி, வழக்காடப்பட்டு, நெகிழ்ந்தும் இறுகியும் கிடந்த ஒன்றை அச்சடித்த பட்டியலாக்கி இறுக்கியது.

இதற்கு உள்ளிருந்து வந்த மறுமொழிகள் இரண்டைச் சொல்ல வேண்டும். 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் சாதியைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவர் பீம்ராவ் அம்பேத்கர். சாதியின் உயிர் நிறத்திலோ தொழிலிலோ இல்லை, அகமணத்தில் இருக்கிறது என்றார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனை இழந்த பெண்ணும் மனைவியை இழந்த ஆணும் குழுவுக்கு ‘மிகுதி’ ஆகிவிடுகிறார்கள். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் அந்த மிகுதியைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிகள் என்று அவர் படிப்படியாகக் காட்டினார். அந்தத் தர்க்கத்தின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை. அளவுகருவி எடுத்தவர்கள் மூக்கில் தேடியதை, அவர் திருமண விதியில் கண்டுபிடித்தார்.

இன்னொருவர் ஐராவதி கார்வே. 1920களின் இறுதியில் பெர்லினில் இனவாதக் கொள்கை கொண்ட ஒரு பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். மண்டையோடுகளை அளந்து பார்த்து, ஐரோப்பியர்களின் உயர்வுக்கு அங்கே சான்று இல்லை என்றே எழுதினார். இந்தியா திரும்பியபின் உறவுமுறையின் பக்கம் திரும்பினார். வட இந்தியாவில் பெண் முன்பின் தெரியாத ஊருக்கு, தெரியாத குடும்பத்துக்குப் போகிறாள். தெற்கில் அவள் பெரும்பாலும் மாமன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போகிறாள். புகுந்த வீட்டில் அவள் முகத்தை மூடிக்கொள்கிறாளா, மாமியாரோடு எப்படிப் பேசுகிறாள் என்பதெல்லாம் இதிலிருந்து கிளைக்கின்றன என்று 1953இல் வெளிவந்த நூலில் விளக்கினார்.

ஒரு சிறு வில்

நீலகிரிக்கு வருவோம். 1901, 1902 ஆண்டுகளில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தோடர்களிடையே சில மாதங்கள் ஆய்வு செய்தார். தோடர்கள் அப்போது ஆயிரம் பேருக்கும் குறைவு. எருமைகளே அவர்கள் வாழ்க்கை. பால் கடையும் இடமே கோயில்.

தோடர்களிடம் அன்று சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. அப்படியானால் குழந்தைக்கு அப்பா யார்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எழும் முதல் கேள்வி இது. தோடர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. பெண் கருவுற்று ஏழாம் மாதம் நெருங்கும்போது ஒரு சடங்கு நடக்கும். காட்டில் ஒரு மரத்தின் அடிப்பகுதியில் சிறு மாடம் வெட்டி விளக்கு வைப்பார்கள். கணவன் ஒரு சிறு கொம்பை வளைத்து வில் செய்து, புல்தண்டை அம்பாக வைத்து, மனைவியிடம் கொடுப்பான். அவள் அதை வாங்கி நெற்றிக்கு உயர்த்தி, விளக்கைப் பார்த்தபடி இருப்பாள். அவ்வளவுதான். வில் கொடுத்தவன் அந்தக் குழந்தையின் அப்பா. அடுத்து வேறொருவன் வில் கொடுக்கும்வரை, அதற்குப்பின் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவனே அப்பா. அவன் இறந்துபோனாலும், வேறு யாரும் வில் கொடுக்காவிட்டால், அப்பா அவன்தான்.

இந்த வில்லால் எதையும் வேட்டையாட முடியாது; தோடர்கள் வேட்டைக்காரர்களும் அல்லர். ஆனால் ஒரு மனிதன் எந்தக் குலத்தைச் சேர்ந்தவன் என்பதை அந்தப் புல்லும் கொம்பும் தீர்மானித்தன. பெற்றவன் வேறு, தந்தை வேறு என்று மானிடவியல் இன்று பிரித்துப் பேசுகிறது. அதைத் தெளிவாகக் காட்டிய சான்றுகளில் இது முதன்மையானது. இதைப் படித்த அன்று நான் முதலில் நினைத்தது நம் சட்டங்களைத்தான். தத்து எடுக்கும் பத்திரமும் பிறப்புச் சான்றிதழில் எழுதப்படும் பெயரும் என்ன? உயிரியல் ஒன்று சொல்ல, சமூகம் ஒரு சடங்கின் மூலம் அப்பாவை நியமிக்கிறது. வில் இருந்த இடத்தில் கையெழுத்து இருக்கிறது.

ரிவர்ஸின் ஆய்வுக்குக் குறைகளும் உண்டு. மொழிபெயர்ப்பாளர்களை நம்பித்தான் வேலை செய்தார். தங்கிய காலமும் குறைவு. பின்னாளில் அவரே, ஓர் ஆய்வாளர் ஓராண்டாவது தங்கி, மொழியைக் கற்றுச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். முதல் உலகப்போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக் தீவுகளில் அதை முழுமையாகச் செய்து காட்டியபின் அதுவே துறையின் இலக்கணமானது.

எந்தத் தெருவில் தங்கினாய்?

மானிடவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் போய்த் தங்கினார். தம் நூலில் அதற்கு ராம்புரா என்று பெயர் வைத்தார். ஏடுகளில் நான்கு வருணங்கள் அசையாமல் நிற்கின்றன. ராம்புராவில் சாதிகள் மேலே ஏற முயன்றுகொண்டே இருந்தன. புலால் உண்பதை விட்டு, சடங்குகளை மாற்றி, மேல்சாதியின் வழக்கங்களைக் கைக்கொண்டு தங்களை உயர்த்திக்கொள்ள முயன்ற சாதிகளைக் கண்டு, அந்தப் போக்குக்கு ‘சமஸ்கிருதமயமாக்கல்’ என்று பெயரிட்டார். ‘ஆதிக்கச் சாதி’ என்ற சொல்லும் அவர் வழியாகவே பரவியது. சடங்கில் யார் உயர்ந்தவர் என்பது ஒன்று. நிலமும் ஆள்பலமும் யாரிடம் என்பது இன்னொன்று.

1970இல் அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, அவர் அறை இருந்த ஆய்வு நிலையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். ராம்புரா பற்றிப் பல ஆண்டுகளாகப் பகுத்து எழுதிவைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதுங்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படி எழுதிய நூல் 1976இல் வந்தது. குறிப்புகளின் பாரம் இல்லாததாலோ என்னவோ, மனிதர்கள் அதில் உயிரோடு நடமாடுகிறார்கள்.

தஞ்சாவூர்ப் பகுதிக்கு 1961இல் வந்தவர் ஆந்த்ரே பெத்தேய். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அவர் பிராமணர் அல்லர். ஆனால் அங்கே தங்கியதால் ஊர் அவரை அக்கிரகாரத்து ஆளாகவே பார்த்தது. சேரிக்கு நினைத்தபோதெல்லாம் போய்வர முடியவில்லை. இதை அவர் மறைக்காமல் எழுதினார். ஆதலால் இனவரைவியல் நூல் எதைக் கையில் எடுத்தாலும் எழுதியவர் எந்தத் தெருவில் தங்கினார், யார் வீட்டில் உண்டார் என்று முதலில் தேடுங்கள். பல கிராம ஆய்வுகள் மேல்தெருவின் திண்ணையிலிருந்து பார்த்து எழுதப்பட்டவை. அதே சாதியமைப்பைக் கீழிருந்து பார்த்தால், படிகள் அடுக்கிய ஒழுங்கு மறைந்து வயலும் கூலியும் அடியும்தான் கண்ணுக்குத் தெரியும். 1970களில் ஜோன் மென்ச்சர் தமிழ்நாட்டு ஆய்வை வைத்து இதை அழுத்தமாக எழுதினார்.

நீரில் விழுந்த கல்

சீனாவின் ஃபெய் சியாவ்தோங் கதையை நான் யாரிடமும் சொல்லாமல் கடந்ததில்லை. 1935இல் அவரும் இளம் மனைவி வாங் தோங்ஹுயியும் திருமணமான சில நாட்களிலேயே குவாங்சியின் மலைகளில் யாவ் மக்களை ஆராயப் போனார்கள். மனைவியும் மானிடவியல் படித்தவர். ஒருநாள் வழி தவறி, புலிக்கு வைத்த பொறியில் ஃபெய் சிக்கிக் காயமுற்றார். உதவி தேடிப் போன மனைவி திரும்பவில்லை. சில நாட்கள் கழித்து ஓர் ஓடையில் அவர் உடல் கிடைத்தது. மணவாழ்க்கை நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை.

உடம்பைத் தேற்றிக்கொள்ள ஃபெய் 1936இல் தம் அக்கா பணியாற்றிய கைசியான்கோங் என்ற, பட்டுநூல் தயாரிக்கும் கிராமத்துக்கு வந்தார். அக்கா அங்கே விவசாயிகளுக்கு ஒரு கூட்டுறவுப் பட்டு ஆலை அமைக்க உதவியவர். சும்மா இருக்க முடியாமல் ஃபெய் கேட்கவும் குறிக்கவும் தொடங்கினார். உலகச் சந்தையில் பட்டு விலை வீழ்ந்ததும் அந்த வீடுகளில் என்னவெல்லாம் நடந்தது என்று எழுதினார். லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் அதையே முனைவர் பட்ட ஆய்வாக்கி, 1939இல் நூலாக வெளியிட்டார். அதுவரை ஆய்வாளர் ஒரு நாட்டவர், ஆராயப்படுபவர் இன்னொரு நாட்டவர் என்பதுதான் வழக்கம். தம் மக்களையே ஒருவர் ஆராய்ந்திருப்பதை மாலினோவ்ஸ்கி தம் முன்னுரையில் பெரிதும் பாராட்டினார்.

1947இல் ஃபெய் ஓர் உவமை சொன்னார். மேற்கத்தியச் சமூகம் கட்டுக் கட்டாகக் கட்டிவைத்த வைக்கோல் போன்றது. ஒவ்வொரு துரும்பும் எந்தக் கட்டைச் சேர்ந்தது என்பது தெளிவு. சீனச் சமூகமோ நீரில் கல் விழுந்ததும் விரியும் வளையங்கள் போன்றது. நடுவில் நான். அடுத்த வளையத்தில் பெற்றோர், அதற்கடுத்து உறவினர், பிறகு ஊரார். வெளியே போகப்போக அலை மெலிகிறது. ‘நம்மவர்’ யார் என்பதற்கு நிலையான எல்லை இல்லை. செல்வாக்குள்ளவனின் வளையம் பெரிது, வறியவனின் வளையம் சிறிது. ‘நம்ம ஆள்’ என்று நாம் சொல்லும்போது வளையம் எவ்வளவு தூரம் விரிகிறது, எந்தச் சூழ்நிலையில் சுருங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். தெருவில் நிற்கும்போது ஒன்று, வெளிநாட்டு விமான நிலையத்தில் நிற்கும்போது வேறொன்று.

பின்னாளில் சீனாவில் சமூகவியலும் மானிடவியலும் நிறுத்தப்பட்டன. 1957இல் ஃபெய் ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் துறையைச் செய்ய முடியாமல் இருந்தார். மீண்டு வந்தபின் துறையை மறுபடி கட்டினார். கைசியான்கோங்குக்குத் திரும்பத் திரும்பப் போனார்.

எத்தனை மக்கள்?

1950களின் தொடக்கத்தில் சீன அரசு, தன் குடிமக்கள் எந்த இனம் என்று தாங்களே பதியலாம் என்றது. நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்தன. மானிடவியலாளர்களும் மொழியியலாளர்களும் அனுப்பப்பட்டு, பெயர்களைச் சேர்த்தும் கழித்தும் தொகுத்தார்கள். 1979இல் ஜினோ மக்களைச் சேர்த்ததோடு பட்டியல் 56இல் நின்றது. இந்தியாவில் 1945இல் நிறுவப்பட்ட இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம், 1985இல் கே. எஸ். சிங் தலைமையில் தொடங்கிய திட்டத்தில் 4,635 சமூகங்களைப் பதிவு செய்தது. சீனாவில் 56, இங்கே 4,635 என்பதால் இங்கே மக்கள் அத்தனை மடங்கு பல்வகைப்பட்டவர்கள் என்று கொள்ள முடியாது. எண்ணும் அலகே வேறு. எண்ணுகிறவரின் நோக்கமும் வேறு.

பர்மாவின் வடக்கு மலைகளில் கச்சின் மக்களோடு இருந்த எட்மண்ட் லீச், 1954இல் இதைவிட ஒருபடி மேலே போனார். மலையில் கச்சின், பள்ளத்தாக்கில் நெல் விளைவிக்கும் ஷான் என்று வரைபடம் சொல்லும். ஆனால் ஒரு கச்சின் தலைவன் செல்வாக்குப் பெற்று, ஷான் இளவரசர்களைப் போல நடந்து, காலப்போக்கில் ஷானாகவே ஆகிவிடுவதும் உண்டு. ‘இன்ன இனம்’ என்பது பிறவிக்குறி என்று நினைத்தவர்களுக்கு, அது ஒரு நிலைப்பாடாகவும் இருக்கலாம் என்று அவர் காட்டினார்.

கிராமத்தையும் மலையையும் தாண்டியும் இந்தத் துறை போயிருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியரான நகானே சியே, 1950களில் இந்தியாவிலும் களப்பணி செய்தவர். என்ன வேலை என்று கேட்டால் ஜப்பானியர் தம் தொழிலைச் சொல்லாமல் ‘இன்ன நிறுவனம்’ என்பார் என்று அவர் கவனித்தார். இந்தியாவில் ஒருவரை அடையாளப்படுத்துவது சாதி என்ற தகுதி, எங்கே போனாலும் கூடவே வருவது. ஜப்பானில் அடையாளம் தருவது அவர் இருக்கும் இடம். ஒரு நாட்டையே ஒரு சூத்திரத்துக்குள் அடைக்கிறார் என்று அவர்மீது விமர்சனம் உண்டு. அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆயினும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

மலேசியாவின் சிலாங்கூரில் 1970களின் இறுதியில் ஐவா ஓங் கண்டது இன்னும் நெருக்கமானது. ஜப்பானிய மின்னணுத் தொழிற்சாலைகளில் கிராமத்து மலாய்ப் பெண்கள் நுண்நோக்கி வழியாக மணிக்கணக்கில் கண்ணைப் பொருத்தி வேலை செய்தார்கள். திடீரென ஒரு பெண் அலறுவாள். நுண்நோக்கிக்குள் ஆவியைப் பார்த்தேன் என்பாள். அலறல் வரிசை வரிசையாகப் பரவும். நிர்வாகம் இதை நோய் என்றது. மந்திரவாதியை அழைத்து வந்து தொழிற்சாலைக்குள் ஆடும் வெட்டியது. ஓங் அந்தப் பெண்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசினார். மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேச வழியில்லாத, கழிவறைக்குப் போகவும் கேட்க வேண்டியிருந்த வாழ்க்கைக்கு அவர்களிடம் இருந்த மொழி ஆவிதான் என்று எழுதினார். ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டிருந்தால் வேலை நேரத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இலங்கைத் தமிழரான ஸ்டான்லி தம்பையா தாய்லாந்துக் கிராமத்துப் பௌத்தத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1983 கலவரத்துக்குப் பின் தம் நாட்டின் பக்கம் திரும்பி, சிங்களவரும் தமிழரும் மோதிக்கொண்ட கதையை 1986இல் எழுதினார். இந்தத் துறை எவ்வளவு தொலைவு போனாலும் ஒருநாள் வீட்டு வாசலுக்கு வந்தே தீரும் என்பதற்கு எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

நீங்களே தொடங்க

தொடங்க ஒரு தாளும் பென்சிலும் போதும். ரிவர்ஸ் வகுத்த வம்சாவளி முறையே இன்றும் முதல் பயிற்சி. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், மணஉறவுக்குச் சமக்குறி, பிள்ளைகளுக்குக் கீழிறங்கும் கோடு. இறந்தவர்களின் குறிமேல் ஒரு சாய்கோடு. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, முதலில் பெயர்களை மட்டும் கேளுங்கள்: பெற்ற தாய் யார், தந்தை யார், அவர்களுக்குப் பிறந்தவர்கள் யார் யார். உறவுச் சொற்களை அப்போது கேட்க வேண்டாம். ‘அவர் எனக்கு மாமா’ என்றால் எந்த மாமா என்ற குழப்பம் வந்துவிடும். மரம் முழுவதும் வரைந்தபின், ஒவ்வொரு குறியிலும் விரல் வைத்து ‘இவரை எப்படி அழைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். மணமாகாமல் இறந்தவர்களையும் குழந்தையிலேயே போனவர்களையும் மக்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அவர்களைத் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டை விட்டுப் போய் வேறு சாதியில் மணந்த பெண்ணின் வட்டமும் பல வீடுகளில் விடுபட்டுத்தான் இருக்கும்.

தோடர்களிடம் ரிவர்ஸுக்கு இதிலும் ஒரு தடை வந்தது. இறந்த தம் உறவினரின் பெயரைச் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. எனவே ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயர்களை அவர் இன்னொரு குடும்பத்தாரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். உங்கள் தாளிலும் சில வட்டங்களுக்குப் பெயர் கிடைக்காமல் போகலாம். பேச்சு நின்றுபோன அந்த இடத்தையும் தேதியோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பக்கத்து வீட்டு மூத்தவரிடம் கேட்கலாம்.